மருந்தடிக்காத பார்சல்

உரும்பிராய்.

அன்பு மகள் நிவேதனாவுக்கு,

நானும் அம்மாவும் வழக்கம்போல் சண்டை பிடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகனும், உன் வயிற்றுக்குள் இருந்து இன்னும் முகம் காட்டாத அந்த ஆளும் சுகமாக இருக்க வேண்டும். கடையில் வாங்குவதெல்லாம் நஞ்சு, எங்கடை தோட்டத்து மிளகாய்த்தூளும் கத்தரிக்காய் வற்றலும் அனுப்புங்கோ என்று கேட்டிருந்தாய், தோட்டம் செய்கிற கமக்காரன் மகள் இவ்வளவு அப்பாவியாக இருக்கலாமா பிள்ளை? நான் பார்சலைக் கட்டிக்கொண்டிருந்தபோது முன்வீட்டு மருத்துவிச்சி குணலட்சுமி வந்து, "அண்ணை, உதுக்கு எத்தினை தரம் மருந்தடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். நான் விரல் மடித்து எண்ணத் தொடங்கினேன். வயிற்றில் பிள்ளையின் மூளை வளருகிற காலம், பூச்சிக்கு அடிக்கிற மருந்து தாயின் சாப்பாட்டோடு போய் அதைப் பாதிக்கக்கூடும் என்றாள். நாற்பது வருசமாக அடிக்கிறேன், எனக்கு என்ன குறை என்று நான் பாய, "தலையிலை கண்ணாடியை வைச்சுக்கொண்டு வீடு முழுக்கத் தேடுற மனுசன் கேக்கிற கேள்வியைப் பார்" என்றாள் உன் அம்மா.

சிரித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன், வேலை ஓடவில்லை. உன்னைச் சுமந்த காலத்தில் நான் மருந்தடிக்க அடிக்க உன் அம்மா அந்தப் பாத்திக்குள் நின்றுதான் புல்லுப் பிடுங்கினவள். நீ மூன்று வயது தாண்டித்தான் கதைத்தாய், பிறகு வாய் மூடவேயில்லை என்று ஊரெல்லாம் பகிடி சொல்லித் திரிந்தேன். நீ பிந்திக் கதைத்தது அந்த மருந்தாலோ என்று குணலட்சுமியிடம் கேட்டேன். "ஒரு பிள்ளையைப் பாத்து அப்பிடிச் சொல்லேலாது அண்ணை, மனதைப் போட்டு உழப்பாதேங்கோ" என்றாள். என்றாலும் அந்தப் பகிடி இப்போது எனக்கு வருகுதில்லை.

பார்சலைப் பிரித்து பனங்கிழங்கு ஒடியல் மாவும் பனம்பழப் பனாட்டும் வைத்திருக்கிறேன், பனைக்கு நான் ஒருநாளும் மருந்தடித்ததில்லை, நல்லெண்ணத்தால் அல்ல, அவ்வளவு உயரத்துக்கு எட்டாது. கிணற்றடிப் பாத்தியில் காய்த்து நின்ற கத்தரிக்கு அன்றைக்குப் பிறகு மருந்தடிக்கவில்லை, பாதியைப் புழு தின்றது, சுன்னாகம் சந்தையில் வியாபாரி காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான், மிச்சத்தை நாங்களே தின்கிறோம். பயத்தில் மரக்கறியை விட்டுவிடாதே, நன்றாக ஓடுகிற தண்ணீரில் கழுவிச் சாப்பிடு, டொக்டர் தந்த குளிசைகளை மறவாதே, மருமகனைக் கழுவச் சொன்னால் அவர் ஒன்றும் தேய்ந்துபோக மாட்டார்.

சந்நிதி முருகன் உங்கள் மூவருக்கும் துணை. ஃபோனில் சொல்லியிருக்கலாம், உன் குரலைக் கேட்டால் இதையும் பகிடியாக்கித் தப்பியிருப்பேன், அதுதான் எழுதினேன். வாசித்ததும் ஃபோன் எடுத்து, அப்பாவோடு கோபமா இல்லையா என்று மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
பரமலிங்கம்