அப்பா காற்றடிக்கப் போகும் கடை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள், அதனால் அம்மா எப்போது இவ்வளவு ஒழுங்காகப் பேசக் கற்றாள் என்று சிரிக்காதே. இங்கே மூவரும் நலம், உன் உடம்பும் வேலையும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

அப்பா போரிலிருந்து திரும்பியதிலிருந்து வீட்டில் பூனை மாதிரிதான் நடக்கிறோம். கதவை அடித்துச் சாத்துவதில்லை, குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டேன், உன் தங்கை வாய்விட்டுப் படிப்பதையும் நிறுத்திவிட்டாள். அப்படியும் ஒரு கரண்டி விழுந்தால் போதும், முகம் வெளிறிச் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார். என்னங்க என்றால் ஒன்றுமில்லை என்பார், அதற்குமேல் ஒரு சொல் வராது. ஆனால் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் மட்டும் பேச்சும் சிரிப்பும். அந்த ஆளும் போருக்குப் போய் வந்தவராம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய என்னைவிடப் பஞ்சர் ஒட்டுகிறவர் ஒசத்தியா என்று எனக்கு வயிறு எரிந்தது. அங்கே போக வேலையே இருக்கக் கூடாதென்று அவர் சைக்கிளை வேறு கடையில் கொடுத்து இரண்டு டயரையும் புதிதாக மாற்றினேன். மறுநாளே காற்றடிக்கணும் என்று உருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! சண்டை போடுவதென்றே உன் தங்கையையும் இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். அங்கே சுத்தியல் சத்தம் காதைப் பிளக்கிறது, இவர் ஸ்டூலில் உட்கார்ந்து நிம்மதியாகச் செயினுக்கு எண்ணெய் விடுகிறார். உன் தங்கைதான் கவனித்துச் சொன்னாள். அந்த ஆள் சுத்தியலை ஓங்குமுன் ஒவ்வொரு தடவையும் அண்ணே, அடிக்கப்போறேன் என்கிறார், அப்பா அடி என்ற பிறகுதான் அடிக்கிறார். நாங்கள் சத்தத்தை ஒளித்து வைத்தோம், அவர் சொல்லிவிட்டுச் செய்கிறார். சண்டை போடாமலே திரும்பிவிட்டேன். இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும் என்று வழியெல்லாம் ஆத்திரம்.

நேற்று குக்கரை இறக்கி அடுப்பில் வைத்து, ஏங்க, விசில் வரப்போகுது என்றேன். அடுப்பைப் பார்த்து, வரட்டும் என்றார். வந்தது. அவர் எழுந்து போகவில்லை. அடுத்தது எப்போ என்று கேட்டார். வந்த நாளிலிருந்து அவராக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

விடுமுறைக்குத் திடீரென்று வந்து நிற்கப்போகிறேன் என்றாயே, அந்த விளையாட்டே வேண்டாம். முன்கூட்டியே என்னிடம் சொல், அவரிடம் நான் சொல்கிறேன். அப்பா அங்கேதானே இருப்பார் என்று கடைக்குப் போன் போட்டு அந்த ஆளிடம் முதலில் சொன்னாயோ, உன்னைத் தொலைத்துவிடுவேன். வேளைக்குச் சாப்பிடு, எங்கிருந்தாலும் மனசுக்கு நிம்மதியாக இரு.

இப்படிக்கு,
தங்கையின் கையெழுத்தில்
உன் அம்மா