இருபத்து மூன்றாவது பெயர்

ஜனவரி 7, ஞாயிறு

இன்று மட்டும் மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். லிபியாவில் எங்கள் வங்கியின் கும்ஸ் கிளையில் அட்டைப் பிரிவு என்றால் ஹனிய்யா, ஹனிய்யா என்றால் அட்டைப் பிரிவு. இதை நானே எழுதிக்கொள்ளாமல் வேறு யார் எழுதுவார்கள்?

ஒருவன் தாயின் பெயரில் டாலர் அட்டை கேட்டு வந்தான். காரணம், துருக்கிச் சுற்றுலா. "அம்மாவைக் கூட்டிட்டு வா, கையெழுத்து வேணும்" என்றேன். "அவங்க படுத்த படுக்கையா இருக்காங்க." "அப்ப கட்டிலோடயா இஸ்தான்புல்லைச் சுத்தப் போறாங்க?" வரிசையே சிரித்தது. அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

எல்லாம் இந்த ஃபேஸ்புக் செய்கிற வேலை. வெளிநாட்டுப் பயணத்துக்கென்று வருடத்துக்கு ஒரு முறை வங்கி விலையில் டாலர் தருகிறோம். தெருவில் அதற்கு விலை அதிகம். "உங்கள் பெயரைக் கொடுங்கள், வீட்டில் உட்கார்ந்தே லாபத்தில் பங்கு வாங்குங்கள்" என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விளம்பரம். எவனோ ஒருவன் ஊரார் அட்டைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு கடல் தாண்டுவான், எதையும் வாங்காமலே ஒரு கடையில் தேய்ப்பான், கடைக்காரன் தரும் டாலர் ரொக்கத்தோடு திரும்புவான். முன்பெல்லாம் வங்கியை ஏமாற்ற வெளியாள் வருவான். இப்போது கணக்கு வைத்திருப்பவர்களே வருகிறார்கள், பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கிற பெரிய மனிதர்கள்! கேட்டால், "எல்லாரும்தானே மகளே செய்றாங்க."

என் கண்ணாடித் தடுப்பில் நானே எழுதி ஒட்டியது: 'செல்பேசிக்கு வரும் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.' மேலாளர் ஃபைத்தூரி அதைப் படமெடுத்துத் திரிப்போலித் தலைமையகத்துக்கு அனுப்பியிருக்கிறார். எழுத்து அழகாக இருக்கிறதாம். இருக்காதா பின்னே?

ஜனவரி 9, செவ்வாய்

அஷூர் புது வண்டி வாங்கிவிட்டான். வெள்ளை. என் தம்பி!

ஜனவரி 12, வெள்ளி

காலையில் மாவைத் தட்டி எண்ணெயில் போட்டு ஸ்ஃபின்ஸ் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தேன். அஷூரும் அவன் மனைவி ரபாபும் வந்தார்கள். முதல் நான்கையும் அவனே தின்றான், வாய் சுடச்சுட. அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. என் சம்பளத்தில் படித்தவன். இன்று அவனுடைய பயணச் சேவைப் பக்கத்தை நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். ரபாப் காட்டினாள். விமானம், பாலம், கடல் என்று ஒரே படமாக இருந்தது. தெருவில் எல்லோரும் "அஷூரோட அக்கா" என்கிறார்கள். போன வருடம்வரை அவன்தான் "ஹனிய்யாவோட தம்பி". போகட்டும், இதிலும் எனக்குப் பெருமைதான்.

கை முழுக்க மாவாக இருக்கும்போது செல்பேசி சிணுங்கியது. "அக்கா, ஒரு நம்பர் வந்திருக்கும், படி. நம்ம வீட்டு இணைய இணைப்பை உன் பேருக்கு மாத்துறேன்." மூக்குக்கண்ணாடி கையில் இல்லை. பெரிதாகத் தெரிந்த ஆறு எண்களை மட்டும் படித்துச் சொன்னேன். என் நெற்றியில் முத்தமிட்டு, "நீ இல்லன்னா நான் இல்ல" என்றான்.

ஜனவரி 30, செவ்வாய்

பிடித்துவிட்டேன்! ஒரு கூட்டத்தையே பிடித்துவிட்டேன்!

கடலோரக் கிளைகள் எல்லாவற்றின் அட்டைச் செலவும் தலைமையகத்திலிருந்து வந்திருந்தது. பெயர்கள் கிடையாது, அட்டை எண்ணும் வயதும் கடையும் மட்டும்தான். மற்றவர்கள் மேலாகப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்கள். நான் தேநீர்கூடக் குடிக்காமல் வரிவரியாகப் பார்த்தேன். இஸ்தான்புல்லில் ஒரே கடை, நாற்பது நிமிடத்தில் முப்பத்தொரு அட்டை. கடை என்ன கடை? மணப்பெண் உடைக் கடை! எழுபது வயதுக் கிழவர்கள் எல்லாம் வரிசையில் நின்று கல்யாண கவுன் வாங்கியிருக்கிறார்கள். சத்தம் போட்டுச் சிரித்தேன்.

ஃபைத்தூரி கையைத் தட்டினார். "ஹனிய்யா, உனக்குக் கழுகுக் கண்ணு." நாளை மறுநாள் பெயர்கள் வந்துவிடும். தலைமையகத்திலிருந்தே தொலைபேசியில் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

பெயர்கள் வந்தன.

இருபத்து மூன்றாவது நான்.

ஹனிய்யா, வயது 47, மணமாகாதவர். பக்கத்து ஊர் ஸ்லிதென் கிளை வழியாக விண்ணப்பம். ஜனவரி 12 காலை 9.40க்குச் செல்பேசி எண் மூலம் உறுதி செய்யப்பட்டது.

ஒன்பது நாற்பது. ஸ்ஃபின்ஸ்.

நானா சொன்னேன்? நானேதான் சொன்னேன். ஊருக்கெல்லாம் எழுதி ஒட்டினவள். யாரிடமும் என்றால் யாரிடமும் என்றுதானே பொருள்? அவனை அதில் சேர்க்கத் தோன்றவே இல்லையே! எங்கள் எல்லோர் பெயரும் எண்ணும் பதிந்த குடும்பப் புத்தகத்தை டிசம்பரில் அவன் என்னிடம் வாங்கிப் போனதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வீட்டுப் பத்திரத்துக்கு என்று சொன்னான்.

நான் ஒரு கல்யாண கவுன் வாங்கியிருக்கிறேன். நான்.

பிப்ரவரி 2, வெள்ளி

அஷூர் வந்தான். அடுப்பை மூட்டவே இல்லை. பட்டியலை முன்னால் வைத்தேன்.

"ஏன்டா?"

முதலில் மழுப்பினான். பிறகு, "வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணையா, உன் பங்கைத் தனியா எடுத்து வச்சிருக்கேன் அக்கா."

"பங்கைக் கேக்கல. என் பேரை ஏன் எடுத்த?"

"உன் பேரு சும்மாதானே கிடந்துச்சு. நீ எங்க போகப்போற?"

அதை அவன் கோபத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.  மற்ற முப்பது பேரும் அவனுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் தாங்களாகவே பெயர் கொடுத்தவர்கள். என் பெயர் இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லி ரபாப் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். மற்றவர்கள் பங்கு வாங்கியவர்கள், வாயைத் திறக்க மாட்டார்களாம்; ஒரு பெயரிலிருந்துதான் விசாரிக்கிறவர்கள் அஷூரிடம் வந்து சேர முடியுமாம், அது என்னுடையது.

பெட்டித் துணிக்கடியில் அவன் பள்ளிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெற்றோர் இடத்தில் என் கையெழுத்து. அதைப் பார்த்து அழுதேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஃபைத்தூரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "முப்பது பேர்னு அனுப்பலாம் ஹனிய்யா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"வேலை போயிடும்மா."

"போகட்டும். இருபத்தாறு வருஷமா என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்பட்டதில்ல. இப்ப நானே சந்தேகப்படற மாதிரி ஆகக்கூடாது."

முப்பத்தொன்றையும் அனுப்பினேன். எண்ணைச் சொன்னது நான்தான் என்று தனியாக ஒரு பக்கம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.  

பிப்ரவரி 20, செவ்வாய்

அஷூரை அழைத்துப்போய்விட்டார்கள். தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. ரொட்டிக் கடைக்காரர்கூட.

ஜூன் 3, திங்கள்

விசாரணை முடிந்தது. என்மேல் குற்றமில்லை, கவனக்குறைவு மட்டும். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அட்டைப் பிரிவையே திருப்பிக் கொடுத்தார்கள்! பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: 'செல்பேசிக்கு வரும் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். தம்பியிடமும்.'  வரிசையில் ஒரு கிழவி படித்துவிட்டு, "உண்மைதாண்டி மகளே" என்றாள். எனக்கு எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்டோபர் 17, வியாழன்

அஷூர் வீடு திரும்பினான். வெள்ளை வண்டியை விற்றாகிவிட்டது. குடும்பப் புத்தகம் என் கைப்பையில்.

ஜனவரி 8, புதன்

புது வருட டாலருக்கு விண்ணப்பித்தேன், என் பெயரில். என் இடத்தில் அன்று சுஆத் இருந்தாள், சின்னப் பெண். "பயணக் காரணம் என்ன போடட்டும் அக்கா?" "சுத்திப் பார்க்க." "வல்லாஹி, நிஜமாவா?" பயணச் சீட்டை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு நான் கொடுத்த பயிற்சி அப்படி, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் முத்திரை குத்தினாள். நல்ல பெண்.

பிப்ரவரி 11, செவ்வாய், இஸ்தான்புல்

மிஸ்ராத்தா விமான நிலையம்வரை அஷூர்தான் கொண்டுவந்து விட்டான். இப்போது வாடகை வண்டி ஓட்டுகிறான்.  பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, தலை நிமிராமல், "குளிரும் அக்கா, கோட்டு இருக்கா?" என்றான். இல்லை என்றேன்.

பட்டியலில் இருந்த முகவரியைத் தேடிப் போனேன். ஓர் ஏணிப்படிச் சந்து, துருப்பிடித்த இரும்புக் கதவு. பக்கத்தில் கஷ்கொட்டை சுடுகிறவனுக்குக் கொஞ்சம் அரபு தெரிந்திருந்தது. கல்யாண உடைக் கடை எங்கே என்று கேட்டேன். "இங்க எப்பவும் அப்படி ஒண்ணு இருந்ததில்லையே" என்றான்.

பெரிய தெருவுக்கு வந்து ஒரு கோட்டு வாங்கினேன். கருநீலம், நல்ல கனம். அட்டையைத் தேய்த்ததும் கடைப்பெண் ரசீதை நீட்டினாள், கையெழுத்துக்கு. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பிறகு முழுப் பெயரும் எழுதினேன்.