அந்த போட்டில் அவன் வரக் கூடாது

அக்கா,

இன்று சாயங்காலம் வேலை முடிந்து, வீட்டுக்குப் போகிற போட்டுக்காக மரமில் பக்கத்துச் சாத்தம் ஜெட்டியில் நின்றபோது மழையில் நனைந்த மரத்தூள் வாசனை வந்தது. கோர்ட்டுக்குப் போன நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ரப்பர் பால் நாத்தத்துல பொறந்து வளந்தவளுக்கு இது ஒத்துக்கலியே" என்பீர்கள். நான் சிரித்துவிடுவேன். கோர்ட்டுக்குப் போகிற பொம்பளைகள் சிரித்தால் ஊருக்குப் பொறுக்காது. அந்த முறைப்பையும் பார்த்தோம்.

கச்சால் தீவில் சுனாமி அன்று கடல் உங்கள் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது. மகள் செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, சாத்தத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட்டுக்கு வந்து, என் பக்கத்து வீட்டில் குடியேறினீர்கள். செல்விக்குக் கல்யாணமும் முடித்தீர்கள். அடுத்த வருஷமே அவளை அவள் புருஷன் வெட்டிக் கொன்றான். "கடலுக்குத் தப்பிச்ச புள்ளைய இவன் கையில குடுத்துட்டேனே" என்று நீங்கள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

கடலில் போனவர்களுக்கு வருஷா வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். செல்விக்காக வந்தவர்கள் கோர்ட் வாசலில் "ஃபான்சி தோ" என்று கத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவனைத் தூக்கில் போடணுமாம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களும் கேட்கவில்லை, உள்ளே இருந்தவர்களும் கேட்கவில்லை. என்னிடம்தான் சொன்னீர்கள்.

"தூக்கு வேணாம் புள்ள. அவனுக்கும் ஒரு ஆத்தா இருக்கா. அந்தக் காலத்துல மெயின்லேண்டுல கொல பண்ணவனக் கப்பல்ல ஏத்தி இந்தத் தீவு ஜெயிலுக்கு அனுப்புனாங்கல்ல? இங்க கொன்னவன அங்க அனுப்பச் சொல்லு. இந்த போட்டுல என் கண்ணு முன்னால வராம இருந்தா போதும்."

அரசு வக்கீலிடம் அதை ஹிந்தியில் சொன்னேன். "ஐஸா நஹீ ஹோதா" என்றார். அப்படியெல்லாம் நடக்காதாம். ஃபைலைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆயுள் தண்டனை என்றதும், ஆயுள் முடிகிற வரைக்கும் என்று நாம் இரண்டு பேரும் நம்பினோம். அவன் தாய் செத்ததற்குப் பரோலில் வந்தான். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. போட்டில் எதிர் பெஞ்சில் அவன். அன்று இறங்கியவர்தான், பிறகு நீங்கள் போட்டில் கால் வைக்கவே இல்லை. வயிற்றில் கட்டி வந்தபோது பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது. ரோட்டில் சுற்றிப் போகிற பஸ்ஸில் உட்கார உடம்பில் தெம்பில்லை. போட்டில் போகலாம், நானும் வருகிறேன் என்று கெஞ்சினேன்.

"அவன் இருப்பான்."

"அவன் ஜெயில்ல இருக்கான்கா."

"அன்னிக்கு மட்டும் எங்க இருந்தான்?"

போன மழைக்கு நீங்களும் போய்விட்டீர்கள்.

இன்று அவன் ஜெட்டிக்கு வந்தான் அக்கா. கையில் ஒரு பை, தலை நரைத்திருந்தது. அப்பீலில் தண்டனையைக் குறைத்து விட்டுவிட்டார்களாம். அவன் வாயால்தான் எனக்கே தெரிந்தது. குனிந்துகொண்டு, "அத்த எப்படி இருக்காங்க?" என்றான். நீங்கள் செத்ததை அவனுக்கும் யாரும் சொல்லவில்லை.

"இருக்காங்க" என்றேன். "இந்த போட்டுலதான் வருவாங்க."

அவன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டான். ஏறவில்லை.

நாளைக்குள் யாராவது அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு தினமும் அவன் எதிர் பெஞ்சில்தான் இருப்பான், நானும் போய்த்தானே ஆக வேண்டும். இத்தனை வருஷத்தில் அவன் இல்லாத ஒரே ஒரு போட்டைத்தான் உங்களுக்கு என்னால் வாங்கித் தர முடிந்தது. அதில் நீங்கள் இல்லை.