தலைப்பிள்ளைக்கு வந்தவள்

14 ஒக்டோபர் 1992, புதன்

காலையில் வகுப்பில் வடதுருவத்துக் கரிபு மான்களைப் பற்றிப் படிப்பித்தேன். சினைமான்கள் முன்னதாகவே புறப்பட்டு, ஒவ்வோராண்டும் அதே நிலத்துக்குப் போய்க் கன்று ஈனுகின்றன. அங்கே மேய்ச்சல் குறைவு, ஓநாயும் குறைவு. அதுதான் காரணம் என்கிறது புத்தகம். மானைக் கேட்டவர் யாருமில்லை.

“அங்கையும் ஓநாய் வந்திட்டால், ரீச்சர்?” என்றாள் ஒருத்தி.

“காலப்போக்கிலை வேறை இடம் பாக்கும்.”

“அதுக்குள்ளை பிறக்கிறதுகள்?”

மணி அடித்துவிட்டது.

மாலையில் வீட்டு வாசலில் என் மகள் நின்றாள். ஏழு மாத வயிறு. வரவேண்டாம் என்று எழுதியிருந்தேன். கொழும்பில் கணவனையும் நல்ல ஆஸ்பத்திரியையும் விட்டுவிட்டு, கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்திருக்கிறாள்.

“தலைப்பிள்ளை தாய்வீட்டிலை எண்டு நீங்களும் என்னை அம்மம்மா வீட்டிலைதானே பெத்தனீங்கள்?”

“அப்ப குண்டு விழேல்லை, விசரி.”

“அப்ப நீங்களும் அம்மம்மாவும் சண்டை பிடிச்சனீங்களாம். அதுக்கு இது பரவாயில்லை.”

விளக்கு வைக்கும் நேரம் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டது. முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்கு ஓடினோம். வாசல் ஒடுக்கம், வயிற்றோடு அவளால் குனிந்து இறங்க முடியவில்லை. சத்தம் தூரப் போகும்வரை இருவரும் வெளியிலேயே நின்றோம். வாசலின் அகலத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்குப் பயம்கூட வரவில்லை.

நாளை மண்வெட்டி இரவல் வாங்கி பங்கர் வாசலை அகலமாக வெட்ட வேண்டும்.