மே மாதத்தில் அளந்த ஓடை

இன்று காலை ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தார் காய்ச்சும் வாடை வந்தது. எதிர்ச்சரிவில் காப்பி பூத்திருந்ததால் அந்த மணமும் கூடவே வந்தது. கோடை விழாவுக்கு முன்பு ரோட்டை முடித்தாக வேண்டும் என்று வருஷம் தவறாமல் இந்த நாட்களில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். "கல்யாண ஊட்டுக்குள்ள லாரியை நிறுத்துன மாதிரி இருக்குது" என்று மூக்கைச் சுளிப்பீர்கள். ரோடு போடும் ஓவர்சியரே அப்படிச் சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கும். இன்று சிரிப்பு வரவில்லை. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன்.

மாரமங்கலத்துக்கு நீங்கள் போட்ட புது ரோடு ஓடையைக் கடக்கும் இடம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்கள் மேலதிகாரியான பொறியாளர் அதை அளக்க வந்தது ஒரு மே மாதம். ஓடை ஒரு முழ அகலத்தில் கசிந்துகொண்டிருந்தது. "இதுக்குப் பாலமா? கோழி தாண்டிப் போகுமேம்மா. ரெண்டு குழாயைப் பொதைச்சு மேல மண்ணைப் போடுங்க" என்றார். "ஐப்பசியில ஒருவாட்டி வந்து பாருங்க சார்" என்றீர்கள். ஐப்பசியில் தனக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று அவர் சொல்ல, கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பத்திரிகை நிருபர் என்று நானும் கூட வந்தவன்தான். சிரித்தேனா என்று நினைவில்லை. சிரித்திருப்பேன்.

நீங்கள் விடவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு வரும் என்று கேட்டால் மலைக்காரர்கள் அடிக்கணக்குச் சொல்ல மாட்டார்கள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று உடம்பைத் தொட்டுத்தான் காட்டுவார்கள். அதனால் ஓடையின் இரு பக்கமும் நிலம் வைத்திருப்பவர்களை ஒவ்வொருவராக அழைத்துவந்து, ஓடைக்குள் நிறுத்தி, அவர்கள் கை வைத்த இடம் வரைக்கும் டேப் பிடித்தீர்கள். சடையன் மட்டும் கூச்சப்பட்டார். "பொம்பளை ஆபீசர் நெஞ்சை அளக்கறாங்கன்னு ஊட்டுல தெரிஞ்சா சோறு கெடைக்காதுங்கம்மா" என்றார். "உங்க ஊட்டுக்காரியையும் கூட்டிட்டு வாங்க, அவங்களையும் அளந்துக்கறேன்" என்றீர்கள். மறுநாள் அவர் மனைவி நிஜமாகவே வந்து நின்றார். தண்ணீர் தன் கழுத்து வரைக்கும் வந்ததாகக் காட்டினார். இரண்டு அளவும் அங்குலம் பிசகாமல் ஒரே மட்டத்தில் நின்றன. டேப்பைச் சுருட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தது கண்ணுக்குள் இருக்கிறது.

அந்த அளவுகளை வைத்துப் பாலம் ஒன்று வரைந்து அனுப்பினீர்கள். பொறியாளர் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, "குடியானவர்களின் உடம்பு அளவுகோல் அல்ல. குழாயே போதும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

குழாய் புதைத்து ரோடு போட்ட மூன்றாவது ஐப்பசியில் சில்வர் ஓக் கிளைகளும் சேறும் வந்து குழாய்களின் வாயை அடைத்தன. மதியம் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பு தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி, கீழே இருந்த எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் புகுந்தது. சுவர்கள் விழுந்தன. காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பெரியவரை மறுநாள் காப்பிச் செடிகளுக்கு நடுவில் கண்டெடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் பொறியாளர் எனக்குப் போன் செய்தார். மேற்பார்வை பார்த்த ஓவர்சியரின் அலட்சியம் என்றார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சிறிய ஊழியர் என்றால் பெயர், வயது, அப்பா பெயர், ஊர் எல்லாவற்றையும் போடுவோம். பெரியவர் என்றால் "உயர் அதிகாரி ஒருவர்". அந்த வழக்கப்படியே எழுதினேன். உங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சேலம் பத்திரிகை ஆபீசுக்குச் செய்தி அனுப்ப நேரமாகிவிட்டது என்று கேட்கவில்லை.

மறுநாள் பேப்பரை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தீர்கள். சத்தம் போடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். எதிரில் உட்கார்ந்து, "ஏனுங்க ரிப்போர்ட்டரே, எங்கப்பா பேரையும் போட்டுட்டீங்களே. அவரு செத்துப் பதினொரு வருஷமாச்சுங்க. அவரு என்னங்க பண்ணாரு?" என்றீர்கள். டீக்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனீர்கள்.

பிறகு பணியிடை நீக்கம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை. விசாரணைக்கு நான்கு முறை வாய்தா. ஐந்தாவது வாய்தா வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் கோப்பின் கடைசி வரியை எஸ்டேட் ரைட்டராக இருக்கும் உங்கள் தம்பி எனக்குக் காட்டினார்: "சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது." குற்றமில்லை என்று அதில் எங்கேயும் இல்லை. சிவப்புக் கோடு போட்ட வரைபடம் உங்கள் பைபிளுக்குள் இருந்தது. அவர் அதை என் கையில் கொடுத்தார்.

போன மாதம் கரடியூர் பக்கம் இன்னொரு ரோட்டுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. அதே ஓடைதான், மேல்பக்கம். மேடையில் ஆலோசகராக உட்கார்ந்திருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பொறியாளர்தான். ஓய்வு பெற்றபின் இன்னும் சிவந்து தெளிந்திருந்தார். குழாய் போதும் என்றார். நான் எழுந்தேன்.

"எந்த மாசத்துல அளந்தீங்க சார்?"

"பிப்ரவரியில."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க சார், மாப்பிள்ளை தூங்கறப்பப் பாத்துட்டுப் போயி, நொம்ப சாதுன்னு சொல்ற மாதிரியில்ல இருக்குது!"

கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் முகம் சிவப்பதைப் பொறுமையாகப் பார்த்தேன். பிறகு உங்கள் வரைபடத்தைத் தலைமை தாங்கிய பெண் அதிகாரியின் முன்னால் விரித்தேன். பழைய கதை, இங்கே எதற்கு என்றார் பொறியாளர். அதற்குள் சடையன் எழுந்துவிட்டார். சட்டைப் பொத்தானை அவிழ்த்து, "இந்த நெஞ்சைத்தானுங்க அம்மா அளந்தாங்க. பொய்யின்னா இப்பவே வந்து அளந்துக்குங்க" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று பெண் அதிகாரி பொறியாளரிடம் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார்.

"ஆமா."

கூட்டக் குறிப்பில் அந்தச் சொல் ஏறியதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். குழாய்த் திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பொறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்ன வேணா எழுதிக்குங்க. பேரு மட்டும் வேண்டாம். பேத்தி காலேஜ்ல படிக்குது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர்னு போட்டுக்கலாமே" என்றார். குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"உங்க அப்பா பேரு என்னங்க சார்?" என்று கேட்டுக் குறிப்பேட்டைத் திறந்தேன்.

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நானே விசாரித்துத் தெரிந்துகொண்டு போட்டேன். பெயர், வயது, அப்பா பெயர், ஊர். கடைசிப் பத்தியில், அன்றைய செய்தியை ஓவர்சியரிடம் கேட்காமலே எழுதி அனுப்பியவன் என்று என் விவரத்தையும் அதே முறையில் எழுதினேன். "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று சேலத்திலிருந்து கேட்டார்கள். ஒரு எழுத்தும் வெட்டக் கூடாது என்றேன்.

மன்னிக்கத் தெரிந்தவர் நீங்கள். விசாரணை இழுத்துக்கொண்டிருந்தபோதுகூட பொறியாளருக்குச் சர்க்கரை வியாதி என்று பரிதாபப்பட்டீர்கள். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. வர வேண்டும் என்றும் நினைக்கவில்லை. உங்கள் கோப்பைத் திரும்பத் திறந்து, குற்றமில்லை என்று உத்தரவு போடச் சொல்லி உங்கள் தம்பி பெயரில் மனுக் கொடுத்திருக்கிறேன். திங்கள்கிழமைதோறும் போய்க் கேட்கிறேன். "எறந்துபோனவங்களுக்கு ஆர்டர் எதுக்குங்க?" என்கிறார் கிளார்க். இறந்தவருக்காக மட்டும் நான் கேட்கவில்லை என்பது அவருக்குப் புரியாது.

அந்த உத்தரவைப் பொறியாளர் படிக்க வேண்டும். தன் கண்ணால், முழுவதும். அதற்கு அவர் உயிரோடு இருந்தாக வேண்டும். அதனால் சேலத்தில் அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாரம் ஒருமுறை போனில் அவருடைய உடம்பைப் பற்றி விசாரிக்கிறேன். மாத்திரை நேரத்துக்கு எடுக்கிறாராம். காலையில் நடக்கிறாராம். நன்றாக இருக்கட்டும்.