மஞ்சளுக்குக் கீழே

மாசி 17, 2018. சனி

இன்றும் அதே கதைதான். ஆறு அம்பும் ஒரே கொத்தாக, இலக்கின் நடு மஞ்சளுக்கு ஒரு சாண் கீழே. சிதறியிருந்தாலாவது கை நடுங்கியது என்று சொல்லலாம். எங்கள் போட்டியில் வில்லில் குறிகாட்டி எதுவும் பூட்டக்கூடாது. பார், இழு, விடு - அவ்வளவுதான். நான் மஞ்சளைத்தானே பார்க்கிறேன்? பிறகு ஏன்?

நசீறாவின் அம்புகள் மஞ்சளைச் சுற்றி நின்றன. மன்னாரிலிருந்து மாகாணப் போட்டிக்கு ஒரு பெண்தான் போகலாம். அவளா, நானா. இருப்பதும் ஒரே வில்; மாறி மாறி வாங்கிக்கொள்கிறோம்.

மாசி 18

வேண்டுமென்றே மஞ்சளுக்கு மேலே பார்த்து இழுத்து விட்டேன். அம்பு வேலிக்கு வெளியே. பயிற்றுநர் நவரத்தினம் சேருக்குக் கோபம். "கணக்குப் போடாதை பிள்ளை. கண் போற இடத்துக்குக் கை போகும்." என் கை எங்கே போகிறதோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

மாசி 24. சனி

நசீறா சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் கீரிக் கடற்கரைக்கு வந்துவிட்டாள். தபசுகாலம், ஈஸ்டர் வரை வீட்டில் இறைச்சி இல்லை. கறிக்கு மீன் குத்த மண்டா ஈட்டியோடு முழங்கால் தண்ணீரில் நின்றேன். அவள் கரையில் நின்று பார்த்தாள். வேவு பார்க்கவா வந்தாள்? எரிச்சலாக இருந்தது.

ஓரா மீன் ஒன்றைக் குத்தித் தூக்கியதும் கத்தினாள்.

"மீன் தெரிஞ்ச இடத்திலையோ குத்தினனீ?"

"இல்லை. தண்ணிக்குள்ள மீன் மேல நிக்கிற மாதிரித்தான் தெரியும். கீழ குத்தோணும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது. நான் வாப்பான்ர புடவைக்கடைக்குள்ள வளந்தனான்." பிறகு மெதுவாக, "மைதானத்திலையும் நீ இதைத்தான் செய்யிறாய், பிரான்சிஸ்கா" என்றாள்.

தண்ணீருக்குள் அப்படியே நின்றேன். சிறுவயதிலிருந்து பழகிய கை. பார்த்த இடத்துக்குக் கீழே போவதுதான் அதற்குச் சரி!

மாசி 25

ஏன் சொன்னாள்? வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் அவளுக்குத்தானே? கேட்டே விட்டேன்.

"தெரிஞ்சாப் பிறகு சொல்லாம இருக்க ஏலுமோ?" என்று எரிந்து விழுந்தாள்.

பங்குனி 3

கை மறக்கட்டும் என்று மண்டாவைத் தொடாமல் ஒரு கிழமை. கறிக்கு மீன் இல்லையென்று அப்பா முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிறார். இலக்கைக் கிட்ட வைத்துத் தொடங்கினேன். மஞ்சளில் பட்டால்தான் ஓர் அடி பின்னால். மஞ்சள் முழுவதையும் பார்ப்பதில்லை, அதிலுள்ள ஒரு பழைய ஓட்டையை மட்டும். அம்பு மேலே ஏறிக்கொண்டு வருகிறது. சந்தோசப்படத்தான் வேண்டும். ஆனால் சொல்லித்தந்தவள் அதே வில்லுக்காகப் பக்கத்தில் காத்து நிற்கிறாள்.

பங்குனி 10. சனி

தெரிவுப் போட்டி. கடைசி அம்புக்கு முன் இருவரும் சமம். எனக்கு மஞ்சள். அவளுக்கு அதைச் சுற்றிய சிவப்பு வளையம்.

"சந்தோசம்" என்று கை தந்தாள். கை சில்லிட்டிருந்தது. நான் நன்றிகூடச் சொல்லாமல் அம்புகளைப் பிடுங்கப் போய்விட்டேன்.

பங்குனி 11

நசீறா மைதானத்துக்கு வரவில்லை.

பங்குனி 17

வந்தாள். வில்லை நீட்டினேன். வாங்கவில்லை.

"போறவள் நீ. விடு, பாப்பம்."

விட்டேன். மஞ்சள். திரும்பினால், முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை என்ன பாக்கிறாய்? அடுத்ததை விடு."

விட்டேன். எங்கே பட்டது என்று எனக்குத் தெரியவில்லை, கண் முட்ட நீர். அவள்தான் பார்த்துச் சொன்னாள்.

"மஞ்சள்."