உப்புத் தண்ணீரில் கழுவிய டாங்கி

நைனா,

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வாயால் சொல்ல வேண்டியதை நான் நேரத்துக்குச் சொன்னதே இல்லை.

இன்று காலை, திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் ஒரு சீசாவைத் திறந்தேன். டீசலும் புங்க எண்ணெயும் கலந்து, அடியில் கடல்நீர் விட்டு, இரும்புத் தகடு ஒன்றை இறக்கி, மாதக்கணக்கில் மூடிவைத்திருந்தது. அழுகிய முட்டை நாற்றம். உன் படகின் டீசல் டாங்கியைக் கரையில் திறந்த அன்று வந்த அதே நாற்றம்.

டீசல் தட்டுப்பாடு வந்த வருஷம் யானைக்கவுனியிலிருந்து புங்க எண்ணெய் டின்களை நீ தூக்கிவந்தாய். டீசலோடு கலந்து ஊற்றினாய். புகை கறுத்தாலும் எஞ்சின் ஓடியது. மழைக்காலம் முடிவதற்குள் பில்டர் அடைத்துக்கொண்டது. பழுப்பாக, ஜவ்வுபோல எதையோ உள்ளங்கையில் ஏந்தி வந்து என் முன் நீட்டினாய்.

"இன்னா கண்ணு இது? மீனு கோழ மாதிரி கீது. நீதான் பி.எஸ்ஸி. ஆச்சே, சொல்லு."

கூட நின்ற உன் தோஸ்து, எஞ்சின் மெக்கானிக், சிரித்தார். "வூட்லயே டாக்டர வச்சிகினு இன்னாத்துக்கு மாமு பேஜாரு?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம் தெருவிலேயே முதல் பட்டதாரி நான். தெரியாது என்று சொல்ல வெட்கம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "கழுவினா போயிடும் நைனா."

"அவ்ளோதானா? கடலாண்ட தண்ணிக்கா பஞ்சம்!"

வாளி வாளியாய்க் கடல்நீரை மொண்டு ஊற்றினாய். கடல் கழுவாத அழுக்கு இல்லை என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் தங்கிவிட்டது. அதன் மேலேயே மறுபடி எண்ணெய் ஊற்றினாய். சில வாரம் பில்டர் அடைக்கவில்லை. "எம் பொண்ணு சொன்னா சொன்னதுதான்" என்று மீன் ஏலத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாய். பிறகு ஒரு நாள், "டாங்கில எவனோ கூமுட்டைய போட்டுட்டான்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு அப்பால் எஞ்சின் நின்றது. காற்று படகைக் கொண்டுவந்து கரைக்கற்களில் மோதியது. மெக்கானிக்கும் மற்றவர்களும் நீந்தி வந்தார்கள். நீ வரவில்லை. டாங்கியின் அடித்தகடு உள்ளிருந்தே கறுத்து, ஊசியால் குத்தியதுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது; எண்ணெயெல்லாம் ஒழுகிப்போயிருந்தது. துரு என்றார்கள். "கடல் எடுத்துக்கிச்சு" என்றாள் அம்மா.

துரு மட்டுமில்லை நைனா. காற்றுப் புகாத அடித்தண்ணீரில் வாழும் கிருமிகள் உண்டு. புங்க எண்ணெய் அவற்றுக்கு நல்ல தீனி. கடல்நீரில் உள்ள கந்தக உப்புதான் அவற்றுக்கு மூச்சு. அவை விடும் ஆவிதான் அந்த நாற்றம். அதுதான் இரும்பைக் கறுக்கவைத்துக் குழி பறிக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, சொட்டுத் தங்காமல் துடைத்துக் காயவைத்திருக்க வேண்டும். கழுவு என்றேன். எந்தத் தண்ணீரில் என்று சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். மறுபடி தட்டுப்பாடு, மறுபடி புங்க எண்ணெய்.

"ஒரு போட்டு வுடலக்கா" என்றார் அம்மாவிடம். "எல்லா டாங்கியையும் உப்புத் தண்ணில கழுவிட்டேன். நம்ம பாப்பா சொன்ன வைத்தியந்தான்."

அம்மா பெருமையோடு என் தலையைத் தடவினாள்.

"நாத்தம் வருதா மாமா?" என்றேன்.

"லேசா வருது. நைனா டாங்கிலயுந்தான் வந்துச்சு. அதுக்கு இன்னா இப்போ?"

அவர் போனதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளை ஞாயிறு, யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்ததும் படகுக்காரர்கள் மாதா கோயில் வாசலில் நிற்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமி இரும்பைத் தின்னும் என்றால் சிரிப்பார்கள். நீ எதனால் செத்தாய் என்று சொன்னால் சிரிக்கமாட்டார்கள். அம்மாவும் அங்கேதான் நிற்பாள். இத்தனை நாள் கடலைத் திட்டியவள், இனி யாரைத் திட்டுவாள் என்று எனக்குத் தெரியும். அது இருக்கட்டும்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். உன்னைக் கேட்காமல் உன் சாவை நான் எடுத்துப் பேசக் கூடாது. பேசட்டுமா, நைனா?